ஒன்பது ஓட்டுக் கஷாயம்

அந்தக் காலத்தில், ஆடு மாடுகளும் பாம்பு பல்லிகளும் மனிதரோடு வாய்ச்சண்டை போடும் அளவுக்குப் பேசத் தெரிந்திருந்தபோது, பங்குனி பிறந்துவிட்டால் பவளாயியின் காட்டில் ஒரே கொண்டாட்டம்தான். பனி விட்டது! வேம்பு துளிர்த்தது! கிளுவை வேலி முழுக்கப் பச்சை கண் திறந்தது! குளிர்காலமெல்லாம் தின்று தின்று கனத்துக் கிடந்த உடம்புகளைப் புதுசாக்க வேண்டாமா? அதற்குப் பவளாயி ஒரு முறை வைத்திருந்தாள்.

அவள் அந்தக் காட்டை உழுது பிழைக்கிறவள். கைவைத்தியம் தெரியும். குரல் எடுத்தால் நாலு காடு தாண்டிக் கேட்கும். பங்குனியின் கடைசி ஒன்பது நாளும் விடியலில் வேப்பங்கொழுந்தும் நிலவேம்பும் சுக்கும் போட்டுக் கஷாயம் காய்ச்சுவாள். காளைக்கு ஒரு மொடா, நாய்க்கு ஒரு சட்டி, சாரைப்பாம்புக்கு ஒரு கொட்டாங்குச்சி. ஓணானுக்கு ஒரு புங்கங்காய் ஓட்டில் ஒரே ஒரு வாய்.

"கசாயத்தைக் குடிங்க. மத்தியானம் வயித்தைக் காயப்போடுங்க. பொழுது சாயறதுக்குள்ள காட்டைச் சுத்தி ஒரு நடை. யாரு மேல என்ன கோவம் இருந்தாலும் வேலிக்கு வெளிய வீசிப்போட்டு வந்து படுங்க. ஒம்பது நாள்ல ஒடம்பும் புதுசு, மனசும் புதுசு!" என்பாள்.

எல்லாரும் கேட்டார்கள். வருசம் முழுக்க முறைத்துக்கொண்டிருந்த காளையும் நாயும் சேர்ந்து நடை போயின. ஓணான் மட்டும் வேலியில் வெயில் காய்ந்தபடி, "ஆகட்டுங்க்கா, நாளைக்குச் சேத்திக் குடிச்சுக்கறனுங்" என்றான். அப்போதெல்லாம் அவனுக்கு ஆடாத கழுத்து, மண் நிறத்தில் தலை. பேச்சு மட்டும் தேன்.

மருந்தைக் கீழே கொட்டக் கூடாது என்பது பவளாயியின் கட்டளை. அதனால் அவன் பங்கு வேலியடிக் கல்லில் ஓடு ஓடாகச் சேர்ந்துகொண்டே வந்தது.

ஐந்தாம் நாள், எதிர்வேலியிலிருந்து அவனுடைய மாமன் மகள் வந்தாள். நாள் தவறாமல் குடித்து உடம்பு பளபளவென்றிருந்தது. அவளைக் கண்டதும் ஓணான் வெயில் காய்வதை விட்டு எழுந்து உட்கார்ந்தான். அவள் என்றால் அவனுக்கு உயிர்.

"மாமா, இன்னும் போன வருசத் தோலுதானா? சித்திரை ஒண்ணாந் தேதி வெயில் ஏறுனதும் வருவேன். புதுத் தோலோட நின்னீங்கன்னா இந்த வேலிதான் எனக்குப் புகுந்த வீடு. இல்லீனா அந்தப் பனைமரத்து ஓணானைக் கட்டிக்கிட்டுப் போயிருவேன், ஆமா!"

"ஆகட்டும் அம்மிணி! இன்னிக்கே குடிக்கிறேன்!" என்று துள்ளினான் ஓணான். ஓட்டருகே போனான், மோந்து பார்த்தான், முகத்தைச் சுளித்தான், திரும்பி வந்து படுத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் சாரைப்பாம்பு, உறையிலிருந்து கத்தியை உருவுவதுபோல, ஒரே இழுப்பில் பழைய தோலைக் கழற்றிப் போட்டது. காடே கூடி நின்று கைதட்டியது.

"எனக்குங் கசந்துது ஓணா. ஒரு நாளைக்கு ஒரு வாய்தானப்பா?" என்றது சாரை.

"ஆகட்டுங்ண்ணா" என்றான் ஓணான்.

சித்திரை பிறந்தது! கோழி கூவியது, மாவடுக்கள் காற்றில் ஆடின, வேம்பு பூவாய்ச் சொரிந்தது. எதிர்வேலியில் அவள் கிளம்பிவிட்டாள். பனைமரத்தில் அந்த இன்னொருவன் பளிச்சென்ற புதுத் தோலில் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் நம் ஆளுக்கு உறைத்தது. தடதடவென்று இறங்கி ஓடினான். கல்லில் ஒன்பது ஓடுகள், ஒன்பதும் நிறைய.

"டேய்! டேய்! ஒம்பது நாள் மருந்துடா அது! ஒரே மூச்சுல குடிச்சா..." என்று பவளாயி முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

அவள் வந்து சேர்வதற்குள் ஒன்பதும் காலி.

கசப்பு தொண்டையில் இறங்கியது, வயிற்றைத் தொட்டது, திரும்பி நேரே தலைக்கு ஏறியது. தலையும் தொண்டையும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்தன! கழுத்து தானாக மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது, கீழே வந்தது, நிற்கவே இல்லை. தோலும் ஒழுங்காக உரியவில்லை. பழைய வேட்டி கிழிகிற மாதிரி இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. ஓணானுக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒளிந்துகொள்ளலாம் என்று திரும்பினான். மாமன் மகள் எதிரே நின்றாள்.

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "என்ன மாமா இது கோலம்?"

பதில் சொல்ல நாக்கு எழவில்லை, கசப்பில் மரத்துக் கிடந்தது. தலை மட்டும் ஆடியது.

"அடுத்த வருசமாச்சும் நாள் தப்பாமக் குடிப்பீங்களா?"

தலை ஆடியது.

"வெயில் விழுகற கெளையை எனக்கு விட்டுத் தருவீங்களா?"

ஆடியது.

"நான் எது சொன்னாலுங் கேப்பீங்களா?"

இன்னும் வேகமாக ஆடியது. அவள் பனைமரத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கத்திக் கேட்டாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான் அங்கிருந்தவன், கழுத்து அசையாமல்.

அவ்வளவுதான், ஒரே தாவலில் கிளுவை வேலியில் ஏறிவிட்டாள்! பவளாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அடி கிறுக்கி, அது சம்மதமில்லடி, கசாயம்!"

"எனக்குத் தெரியாதாக்கா?" என்று சிரித்தாள் மாமன் மகள். "ஒரு வாய் குடிக்க முடியாதவரு, ஒம்பதையும் ஆருக்காகக் குடிச்சாரு?"

அடுத்த பங்குனியில் அவன் திருந்தியிருப்பான் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எட்டு நாளும் ஆகட்டும், ஆகட்டும் என்றான். ஒன்பதும் சேர்ந்த பிறகு அவள் முகம் பார்த்து ஒரே மூச்சில் குடித்தான்.

அன்று முதல்தான், சாரைப்பாம்பு தோலை முழுசாகக் கழற்ற, ஓணான் துண்டு துண்டாக உரிக்கிறது; வேம்பு பூக்கும் நாளில் பெண் ஓணானைக் கண்டால் ஆண் ஓணான் தலை சிவந்து, அவள் கேட்கும் முன்னே தலையாட்டுகிறது.