மைனாவிடம் சொன்ன சேதி

செங்குளம் வற்றிக்கொண்டிருந்தது. வேறு எங்கே தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து வருவதுதான் அங்கிருந்த பறவைகளின் வேலை. அவற்றுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போய் வந்த பறவை காலைக் கழுவக் கூடாது. ஒட்டியிருக்கும் சேற்றை மற்றவை பார்க்கும், முகரும், சண்டை போடும். அதன் பிறகுதான் நம்பும்.

ஒரு மைனா வந்து பனை உச்சியில் உட்கார்ந்தது.

"எதுக்கு இந்தச் சேறும் சண்டையும்? சேதியை என்கிட்ட சொல்லுங்க. ஒரு கூவல் போதும், எல்லார் காதுக்கும் போயிடும்."

முதலில் நாரை மைனாவோடு சேர்ந்தது. நீர்க்காகம் முறைத்துக்கொண்டு நின்றது.

"என்ன மாப்ளே, இன்னும் அடுத்தவன் காலை முகர்ந்துக்கிட்டு இருக்கியா?" என்று நாரை சிரித்தது. மறுநாளே நீர்க்காகமும் சேர்ந்தது. பிறகு யாரும் யார் காலையும் பார்க்கவில்லை.

ஒரு நாள் கொக்கு மைனாவிடம் சொன்னது: "நெட்டேரியில தண்ணி இருந்தாலும் இருக்கும்."

"நெட்டேரியில தண்ணி இருக்கு!" என்று மைனா கூவியது.

அதைக் கேட்ட நாரை, தனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள, அதையே மைனாவிடம் போய்ச் சொன்னது. நீர்க்காகமும் சொன்னது.

"மூணு பேர் சொல்லிட்டாங்க!" என்று மைனா இன்னும் உரக்கக் கூவியது.

குளத்தில் ஓர் ஆமை இருந்தது. அந்த வெயிலில் ஓர் ஏரிவரைதான் அதனால் நடக்க முடியும். அங்கே தண்ணீர் இல்லையென்றால் உயிர் போய்விடும்.

"நாரையண்ணே, நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"அதான் மூணு பேர் சொல்லியாச்சே. உனக்கு நடக்கச் சோம்பல்."

ஆமை நடந்தது.

நெட்டேரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பறவைகளும் வந்து இறங்கின.

"இங்கே தண்ணியை யார் பார்த்தது?" என்று ஆமை கேட்டது.

"மைனா சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றது நாரை.

"நானும்தான்" என்றது நீர்க்காகம்.

"இருந்தாலும் இருக்கும்னுதானே நான் சொன்னேன்" என்றது கொக்கு.

"அவ்வளவு நீளமா எல்லாம் கூவ முடியாது" என்றது மைனா.

பறவைகளுக்கு இறக்கை இருந்தது. கிளம்பிவிட்டன. "வடக்கே தண்ணி இருக்காம்" என்று மைனா போகிற வழியிலேயே கூவ ஆரம்பித்தது. எல்லாம் வடக்கே திரும்பின.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு அது தலையை நீட்டவே இல்லை.

பார்த்தது யார் என்று கேட்காமல் புது வழியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் எப்படியோ தப்பித்துவிடுவார்கள். அவர்கள் பேச்சை நம்பி நடந்தவர்கள்தான் அழிந்துபோவார்கள்.