நாக்குப் பட்ட சுவர்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மஞ்சனூர் நாட்டைக் கோலாகலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பிடித்தது மத்தியானம் பிடிக்காது. மத்தியானம் பிடித்தது எவருடையதானாலும் அவனுக்கு வேண்டும்.

ஒருநாள் பவனி போகையில், ஒச்சாயி என்றொருத்தியின் வீட்டுச் சுவரில் தன் மீசையைப் பார்த்துவிட்டான். கண்ணாடியில்லை, வெறும் சுவர்! யானையை நிறுத்தி, வாசலில் நின்ற ஒச்சாயியைக் கேட்டான்.

"இதில் என்னம்மா பூசியிருக்கிறது?"

"முட்டை, மகாராசா. உங்க தாத்தா மஞ்சள்கரு மட்டும்தான் சாப்பிடுவாராம். மிஞ்சின வெள்ளைக்கருவை, கொத்தனாரா இருந்த எங்க வீட்டுக்காரரோட பாட்டனார் மூணு வருசம் குடங்குடமா வாங்கிவந்தார். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி எல்லாம் சேர்த்து அரைச்சுப் பூசினார். எங்கேயும் ஒட்டு கிடையாது. வீட்டுக்கே ஒரே தோல்."

கூட வந்த தானாதிபதி வீரபாகுவுக்கு அந்த வீட்டின்மேல் வெகுநாளாகக் கண். "கேட்டீர்களா பிரபு! முட்டை அரண்மனையுடையது என்றால் வீடும் அரண்மனையுடையதுதான். நானே குடியிருந்து பார்த்துக்கொள்கிறேன்."

"அதானே! இன்றைக்கே காலி செய்யம்மா," என்றான் ராஜா.

ஒச்சாயிக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

"தாராளமா எடுத்துக்கிடுங்க. ஆனா என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பலாமா? அரண்மனை ருசி தெரிஞ்சவர் யாராவது சுவரை ருசிபார்த்துச் சொல்லட்டும்."

"என்னைவிட ருசி தெரிந்தவன் யார்?" என்று குதிரையிலிருந்து குதித்தார் வீரபாகு. ஊரே பார்க்கச் சுவரை ஒரு நக்கு நக்கினார். கடுக்காய்க் கசப்பில் முகம் கோணியது. அப்படியும் விடவில்லை. "சந்தேகமே இல்லை பிரபு, அசல் அரண்மனைச் சமையல்!"

"அவ்வளவு கசப்பாகவா இருக்கிறது நம் சமையல்?"

ஒச்சாயி கைகூப்பினாள். "ஒரே ஒரு குறைதான் மகாராசா. இலையில ஒரு ஓரம் எச்சில் பட்டாலும் முழு இலையும் எச்சில்தானே? ஒட்டில்லாத சுவராச்சே, இப்போ வீடு முழுக்க ஐயாவோட எச்சில். எங்களுக்கெல்லாம் இது பழக்கம். மகாராசாவுக்கு..."

ராஜா வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தான். "என் சொத்தை என் கண்ணெதிரேயே எச்சில் பண்ணினாயா?"

"பிரபு, அது வந்து..."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவருக்குள் மீசை குலுங்கியது. "வீடு உனக்கேயம்மா. பத்து அரண்மனைக் கோழியும் கொண்டுபோ. வீரபாகு, இனி அரண்மனையில் எந்தச் சுவர் பூசினாலும் பதம் பார்ப்பது உன் நாக்குதான்!"

அந்தச் சுவர் இன்றும் பளபளக்கிறது. நாக்குப் பட்ட இடம் மட்டும் மங்கல். நம்பாதவர்கள் போய் நக்கிப் பார்க்கலாம். கசந்தால் என்னைக் கேட்கக்கூடாது.