படத்தில் சாய்ந்த சிலுவை

கொக்கரைவிளைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்வது அநியாயம். இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அவ்வூர் மாதா கோயிலை ஒட்டி ஒரு பழங்காலத்து இரும்புச் சிலுவை நின்றது. எந்தக் கொல்லனோ இரும்பைக் காய்ச்சி, அடித்து, கொடியும் பூவுமாய் வளைத்திருந்தான். நகரத்துப் பழம்பொருள் அதிகாரி ஒருவர் வந்து அதைப் படம் பிடித்துப் போனார். பிறகு அந்தப் படத்தோடு ஒரு கடிதம் வந்தது: "அடுத்த மாதம் வருவேன். எல்லாம் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலுவையை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போவோம்."

கோயில்பிள்ளை சந்தியாகு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊரைக் கூட்ட ஓடினார். சிலுவைக்கு விளக்கேற்றுவதுதான் அவர் பிழைப்பு. வேறு வேலை தெரியாது. இதற்கே தினம் எட்டுத் தீக்குச்சி ஆகும்.

ஊர் கூடிப் படத்தை ஆராய்ந்தது. சிலுவையடியில் ஒரு கறுப்பு ஆடு நின்றது.

"அந்த ஆடு எங்கவே?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் தொம்மை.

"அதை நம்ம ஞானப்பு வீட்டுக் கல்யாணத்துல தின்னுட்டோமே அண்ணாச்சி," என்றார் சந்தியாகு.

ஒரு வெள்ளை ஆட்டைப் பிடித்துக் கரி பூசினார்கள். படத்தில் சிலுவை உச்சியில் காக்கை இருந்தது. காக்கை அகப்படாததால் கறுப்புக் கோழியை ஏற்றிக் கட்டினார்கள்.

அப்போதுதான் சந்தியாகு கண்டுபிடித்தார். "அண்ணாச்சி, படத்துல சிலுவை இடப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. நம்ம சிலுவை நேரால்லா நிக்கி?"

அதிகாரி கேமராவைக் கோணலாகப் பிடித்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எவனோ நமக்குத் தெரியாம நிமித்தி வச்சிருக்கான்," என்றார் தொம்மை.

எட்டுப் பேர் கடப்பாரை போட்டுப் பீடத்தைப் பெயர்த்து, சிலுவையைச் சாய்த்து, கல் அண்டை கொடுத்தார்கள்.

"படத்துல கோயிலும் சாய்ஞ்சிருக்கே," என்றார் ஞானப்பு.

கோயிலையும் தள்ளிப் பார்த்தார்கள். காரைதான் உதிர்ந்தது.

"கோயில் சாயலன்னா அதிகாரியைச் சாய்ப்போம்," என்றார் தொம்மை. அதிகாரி நிற்கப்போகும் இடத்தில், வலது காலுக்கு மட்டும், முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள்.

அதிகாரி வந்தார். மாலை போட்டு, பிடித்துக் குழியில் காலை இறக்கினார்கள்.

"கோயில் இப்போ சரியா இருக்கா சார்?"

"சிலுவையை யாருய்யா இப்படிச் செஞ்சது?"

"சிலுவையைப் பார்க்கும்போது காலை வெளிய எடுத்துக்கணும் சார்," என்றார் தொம்மை பொறுமையாக. "உள்ள வச்சிக்கிட்டே பார்த்தா கோணலாத்தான் தெரியும்."

மறுநாளே லாரி வந்து சிலுவையை ஏற்றிக்கொண்டு போனது.

ஆனால் சந்தியாகுவின் வேலை போகவில்லை. இருட்டில் யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று ஊர் அவரை அந்தக் குழிக்கு விளக்கேற்ற வைத்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "குழியை மூடிட்டா என்னவே?" என்று கேட்டார்.

சந்தியாகு ஆறாவது தீக்குச்சியைக் கிழித்தபடி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மூடிட்டா, குழி எங்க இருக்குன்னு எப்படிவே தெரியும், விளக்கேத்த?"