மீசையோடு இருநூறு கிலோமீட்டர்

கொல்லிமலை அடிவாரத்தில், மலைப்பாதையில் பைக் ஓட்டச் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவர் இருந்தார். பெயர் சௌடேஸ்வரி. வயது முப்பத்தொன்று. மலைக்குப் போகும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். பேச்சு மட்டும் குறைவு. ஒரு நாளைக்கு நூறு வார்த்தை பேசினால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் பொங்கியண்ணன். வயது ஐம்பத்து நான்கு. பெயரிலேயே அண்ணன் இருந்ததால், அவரைத் திட்டுகிறவர்கள்கூட மரியாதையாகத்தான் திட்ட வேண்டும். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை. இதை அவரே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். சொல்லும்போது கை தானாக மீசைக்குப் போகும்.

அந்த மீசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷத்து மீசை. இரண்டு முனையும் முறுக்கி மேலே ஏறி நிற்கும். ஹெல்மெட் வாங்கப் போன இடத்தில், மீசை நசுங்குகிறது என்று ஏழு ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

அவர் பைக் பழக வந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி வெள்ளையம்மாள் மலைமேல் பிறந்தவர். அந்த அம்மாளின் தம்பியைப் போன மழைக்காலத்தில் பாம்பு கடித்தது. அன்றைக்கு மரம் விழுந்து பாதை அடைத்திருந்ததால் கார் ஏற முடியவில்லை. பைக் ஏறியிருக்கும். மலைப்பாதையில் பைக் ஓட்டத் தெரிந்த ஆள் கைவசம் இல்லை. தம்பி பிழைக்கவில்லை.

அதன்பிறகு அடிவாரத்து மருத்துவமனை ஒரு முடிவெடுத்தது. மருந்துப் பெட்டியை பைக்கில் கட்டி மேலே கொண்டுபோக ஒரு ஆளை வைப்பது. மாஸ்டர் இரண்டு பேரைத் தயார் செய்ய வேண்டும். பயிற்சி முடியும் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து இருவரையும் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். ஒருவருக்குத்தான் பெட்டி.

ஒருவர் பொங்கியண்ணன். இன்னொருவர் பக்கத்து ஊர் நர்ஸ் ஜெபராணி.

இரண்டு மாதப் பயிற்சியில் பொங்கியண்ணன்தான் முதல். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்குச் சுத்தமாக இல்லை. ஆனால் புதன்கிழமை காலையில் மாஸ்டர் அவருடைய பைக்கைச் சுற்றிவந்து டயரில் கை வைத்தார்.

"மொட்டை. ரெண்டையும் மாத்திருங்க."

"இதுலதானுங்க மாஸ்டர் நான் முதல்ல வந்தேன்."

"மாத்திருங்க."

மாற்றினார். இரண்டு புது டயருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். சூடம் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பிறகு மீசையை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டு மலை ஏறினார்.

முதல் வளைவிலேயே வண்டி அவரைக் கேட்காமல் உள்பக்கம் சாய்ந்தது. பதறி நிமிர்த்தினார். எதிர்ப்பக்கத்துத் தடுப்புச் சுவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து போனது. இரண்டாவது வளைவிலும் அதே கதை. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"டயர் சரியில்லைங்க மாஸ்டர்."

"சரியாத்தான் இருக்கு."

"அப்போ நான் சரியில்லீங்களா?"

மாஸ்டர், கழற்றிப் போட்ட பழைய டயரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். சுவரில் மாட்டியிருந்த வேறொரு புது டயரையும் எடுத்துக்கொண்டார்.

"சின்ன வயசுல டயர் உருட்டியிருப்பீங்களே. பழசை உருட்டுங்க. லேசா சாய்ச்சு."

ஐம்பத்து நான்கு வயதில் டயர் உருட்டுவதா என்று பொங்கியண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜெபராணி வேறு பக்கம் பார்க்கிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் உருட்டினார். சாய்த்துத்தான் உருட்டினார். நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர் நிமிர்ந்துகொண்டு, நேராகப் போய் வேலியில் முட்டியது.

"இப்போ புதுசு. அதே மாதிரி சாய்ச்சு."

புது டயர் சாய்ந்தது. சாய்ந்த பக்கமே வளைந்தது. வளைந்து வளைந்து, பெரிய வட்டம் போட்டு, அவர் காலடிக்கே வந்து விழுந்தது.

பொங்கியண்ணன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது சொன்ன பேச்சைக் கேக்குதுங்க."

"அது?"

"அது கேக்கல. அதட்டி அதட்டித்தான் திருப்பியிருக்கேன்."

"இப்பவும் அதட்டறீங்க."

பொங்கியண்ணன் தலையைச் சொறிந்தார். மாஸ்டர் புது டயரின் மேல் விரலை ஓட்டினார். தோசைக்கல்லைத் துடைத்து வைத்த மாதிரி ஒரு மினுமினுப்பு. அதன் மேல் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரர்கள் அதை மீசை என்பார்கள்.

"இந்த வழவழப்பு தேயணும். அதுக்கு முன்னாடி வளைவுல பிடிக்காது. இருநூறு கிலோமீட்டர். சமவெளியில. மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சு. ரோட்டுல படற மீசையெல்லாம் தானா உதிரும். உதிர்ந்தப்புறம் மலை."

"எவ்வளவு மெதுவாங்க?"

"சைக்கிளை முந்தலாம்."

வியாழக்கிழமை அவர் நாமக்கல்லுக்குப் போய்த் திரும்பினார். போகவர அறுபது கிலோமீட்டர். அந்த அறுபதில் பட்ட அவமானம், அவர் ஆயுசு முழுக்கப் பட்டதைவிட அதிகம். புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று அவரை முந்தியது. ஒரு டிராக்டர் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. பழைய லாரிப் பட்டறை வாசலில் தெரிந்தவர்கள் நின்றிருந்தார்கள்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கவா போறீங்க, இவ்வளவு பதவிசா?"

"வண்டியில முட்டை ஏத்தியிருக்காரு போலடா."

பொங்கியண்ணன் மீசையைக்கூடத் தொடவில்லை. தொட்டால் இன்னும் நாலு சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் டயரைப் பார்த்தார். பாதி மீசை அப்படியே நின்றது. இன்னும் நூற்று நாற்பது கிலோமீட்டர். மறுபடியும் அந்தப் பட்டறை, அந்த வாய்கள். அவர் வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எவ்வளவு ஓடியது என்று சொல்ல டயரின் மீசையைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அவர் உள்ளே போய்த் தன் சவரக்கத்தியை எடுத்து வந்தார்.

திண்டாட்டமான வேலைதான். ஆனால் மனிதர் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வார். முன் டயர், பின் டயர், நடுப்பகுதி, ஓரம், பக்கவாட்டு என்று ஒரு முடி விடாமல் வழித்து எடுத்தார். பிறகு நேராக மலைக்கு விட்டார்.

மூன்றாவது வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. ஒரு சாண் இருக்கும். காலை ஊன்றி, எப்படியோ நிறுத்திவிட்டார். ஒரு கல் உருண்டு கீழே போகும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

இறங்கி, பாதை ஓரத்தில் உட்கார்ந்தார். பின்னால் மருந்துப் பெட்டி கட்டியிருந்தால் என்று நினைத்தார். மேலே ஒருத்தர் அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தால் என்று நினைத்தார். மைத்துனரின் முகம் வந்தது. அவருக்குத் தன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினார்.

வீட்டுக்கு வந்தார். அதே கத்தியை எடுத்தார். கண்ணாடி முன்னால் நின்று, முப்பது வருஷத்து மீசையை நாலே இழுப்பில் எடுத்துவிட்டார்.

கொல்லைப்புறத்திலிருந்து வந்த வெள்ளையம்மாள் வாசலிலேயே நின்றார்.

"யாருங்க, என்ன வேணும்?" என்றார். பிறகுதான் அடையாளம் தெரிந்து வாயில் கை வைத்தார்.

சனிக்கிழமை காலை பயிற்சி மைதானத்துக்குப் போகும் வழியில், டீக்கடைக்காரர் கிளாஸை அவர் முன்னால் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வீட்ல யாருங்கண்ணா தவறிட்டாங்க? ஒரு வார்த்தை சொல்லலையே."

"யாரும் தவறலைங்க. நான்தான் தவறிட்டேன்."

டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடப் போட்டார்.

மாஸ்டர் மைதானத்தில் இருந்தார். முகத்தைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"உதிரலைங்க மாஸ்டர்," என்றார் பொங்கியண்ணன். "சிரைச்சேன்."

மாஸ்டர் குத்தவைத்து உட்கார்ந்து டயரைத் தடவினார்.

"பக்கவாட்டுலயுமா? இது ரோட்டையே தொடாதே. டயர் தேயற வரைக்கும் இந்த மீசை இருக்கும்."

"சிரைக்க ஆரம்பிச்சா எங்க நிறுத்தறதுன்னு தெரியலைங்க."

"மலைக்குப் போனீங்களா?"

"மூணாவது வளைவு. ஒரு சாண் போச்சு. தள்ளிட்டு வந்துட்டேன்."

"இது எதுக்கு?" மாஸ்டர் தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இது இருந்ததாலதானுங்களே அந்தப் புத்தி வந்துச்சு. அதான் எடுத்துட்டேன். இனிமே அடக்கமா இருப்பேன்."

"அதே கத்தியா?"

"அதே கத்திதாங்க."

மாஸ்டர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தையா என்று பொங்கியண்ணனுக்குத் தெரியவில்லை.

"நான் மீசையை எடுக்கச் சொல்லலையே அண்ணா. மீசையோட இருநூறு கிலோமீட்டர் போகத்தான் சொன்னேன்."

பொங்கியண்ணன் தலையைக் குனிந்து டயரைப் பார்த்தார்.

"இன்னும் நூத்தி நாப்பது இருக்கு," என்றார் மாஸ்டர்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவர் நாமக்கல்லுக்கு இரண்டு நடை போய் வந்தார். மிச்சம் இருபதை ஏரிக்கரைச் சாலையில் ஓட்டினார். சைக்கிளை மட்டும் முந்தினார். பட்டறை வாசலில் இருந்தவர்கள் அவரை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, கண்டபிறகு விடவில்லை.

"அண்ணே, மீசையை எங்க அடகு வச்சீங்க?"

பொங்கியண்ணன் கையைத் தூக்கி அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அதே வேகத்தில் போனார். இரண்டாவது நடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து நின்று, அவர் கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார்.

ஏரிக்கரையில் சாலை வளைந்து வளைந்து போகும். அங்கே அவர் கைப்பிடியை அழுத்தாமல் பார்த்தார். போக வேண்டிய பக்கம் கண்ணைத் திருப்பினார், உடம்பை லேசாக விட்டார். வண்டி திரும்பியது. அடுத்த வளைவிலும் திரும்பியது. இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய அந்தக் கைகளுக்கு அது வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவர் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். மருந்துச் சீசாக்கள் குலுங்கக் கூடாது என்பது அவர் கவலை. அதனால் ஒவ்வொரு வண்டியின் பெட்டிக்குள்ளும் ஒரு செம்பு வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். எழுபது வளைவும் ஏறி மேலே வர வேண்டும். பிந்தக் கூடாது, சிந்தவும் கூடாது.

கிளம்பும்போது டாக்டர் பொங்கியண்ணனைக் கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?"

லாரி, இருபத்தாறு வருஷம், கோழிக்குஞ்சு எல்லாம் வரப்போகிறது என்று ஜெபராணி காத்திருந்தார்.

"இந்த டயர்லீங்களா?" என்றார் பொங்கியண்ணன். "இருநூறு கிலோமீட்டருங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

ஜெபராணி முதலில் போனார். பத்து நிமிஷம் விட்டு இவர் போனார். மூன்றாவது வளைவில், அந்த ஒரு சாண் தடம் இன்னும் சாலையில் கறுப்பாக இருந்தது. பொங்கியண்ணன் அதைப் பார்த்தார். அதட்டாமல் சாய்ந்தார். டயர் சாலையைப் பிடித்துக்கொண்டு வளைந்தது. அதன்பிறகு அவர் வளைவுகளை எண்ணவில்லை.

மேலே டாக்டரும் மாஸ்டரும் ஜீப்பில் முன்னதாகவே வந்து காத்திருந்தார்கள். ஏறிவர எடுத்த நேரம் இருவருக்கும் ஒன்றுதான். பெட்டிகளைத் திறந்தார்கள். ஜெபராணியின் செம்பில் மூன்று விரல் அளவு குறைந்திருந்தது. அதுவே பெரிய விஷயம் என்று டாக்டர் பாராட்டினார். பொங்கியண்ணனின் செம்பில் ஒரு விரல்கூடக் குறையவில்லை.

டாக்டர் இரண்டு செம்பையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் திரும்பினார்.

"ரெண்டு மாசம் கூட இருந்து பாத்தது நீங்க. முடிவை நீங்களே சொல்லுங்க. பெட்டி யாருக்கு?"

"மீசைக்காரருக்கு."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். மழுங்கச் சிரைத்த பொங்கியண்ணனைப் பார்த்தார். ஜெபராணிக்குத் தோற்றதையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவங்க ரெண்டு பேருக்குமே மீசை இல்லையேம்மா?"

பொங்கியண்ணனின் கை தானாக மேலே போனது. மேலுதட்டில் முளைத்த இரண்டு நாள் முடி முள்ளாய் விரலில் குத்தியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாஸ்டர் அவரைப் பார்க்காமலே சொன்னார்:

"இருக்குங்க டாக்டர். கிட்ட வந்து பாருங்க."