மூன்றாவது விசிறி பேசவில்லை

தேவகோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே அல்போன்ஸ் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். வேலைக்கு மூன்று பேர்: மாசிலாமணி, சீராளன், அன்பையா. மூவரில் மூத்தவன் மாசிலாமணி. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவன் என்று தன்மேல் அவனுக்கே ஒரு தனி மரியாதை உண்டு.

ஒருநாள் காலை அல்போன்ஸ் மதுரைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது கம்ப்யூட்டர் பிராசசரின் சூட்டைத் தணிக்கிற விசிறிகள் மூன்றை மேசைமேல் வைத்தார்.

"மாசிலாமணி, நாலு மணிக்குச் சுருக்கெழுத்துப் பள்ளி நாச்சியப்பன் சார் வருவார். அவர் கம்ப்யூட்டரெல்லாம் சூடாகிப் பாதிப் பரீட்சையில நின்னுபோகுது. விசிறி போடுற இரைச்சல்ல அவர் சொல்றது பிள்ளைகளுக்குக் கேக்கல. பிராசசர்மேல பட்டாணி அளவு சூடு கடத்துற பேஸ்ட் வெச்சு, மூணையும் ஒவ்வொண்ணா மாட்டிப் பாரு. சூடு எவ்வளவுன்னு ஸ்கிரீன்ல பாத்து எழுது. என்ன சத்தம் வருதுன்னு கேட்டு எழுது. இந்த ஆர்டர் நழுவிச்சுன்னா எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

அவர் போனதும் அன்பையா கவலையோடு கேட்டான்: "அண்ணே, ஆர்டர் கெடச்சா வீட்டுக்கு விடமாட்டாரா?"

"அதெல்லாம் முதலாளி சமாச்சாரம். முதல்ல பட்டாணியைச் சொல்லு. பச்சைப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?"

"ஊறவெச்சதா இருந்தா இன்னும் பெருசா இருக்குமேண்ணே," என்றான் சீராளன்.

மூன்று வகைப் பட்டாணியையும் வாங்கிவந்து அளவு பார்த்தார்கள். மீதியைத் தின்றுமுடித்தபோது மணி பன்னிரண்டு.

கடையின் பின்வாசலில் பூப்போட்ட ஸ்கிரீன் ஒன்று தொங்கியது. முதல் விசிறியை ஓடவிட்டு, மூவரும் அதன் முன்னால் போய் நின்றார்கள். மாசிலாமணி விரல்விட்டு எண்ணினான். "சூடு, பன்னிரண்டு பூ."

சத்தத்தில்தான் சிக்கல். "ழ்ழ்ழ்னு வருது," என்றான் அன்பையா.

"எனக்கு ள்ள்ள்னு கேக்குது," என்றான் சீராளன்.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு கால்மணி நேரம் கேட்டான். முதலாளி தன்னை நம்பி விட்டுப்போன வேலை. ஓர் எழுத்துத் தப்பக்கூடாது. கடைசியில் 'ழ்' என்று எழுதினான்.

இரண்டாவது விசிறிக்குப் பதினொரு பூ. சத்தம், 'கொர்'.

மூன்றாவதன் ஒயர் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. "அவிழ்க்கவா?" என்றான் சீராளன்.

"அவிழ்க்கச் சொன்னாரா?"

சொல்லவில்லை. அப்படியே மாட்டினார்கள். விசிறி சுற்றவில்லை. கம்ப்யூட்டர் சற்று நேரம் முனகிவிட்டுத் தானாகவே அணைந்துபோனது. அந்த நேரம் பார்த்து ஸ்கிரீன் காற்றில் மடங்கிக்கொண்டது. ஆறே பூ! மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. 'சூடு, ஆறு பூ. சத்தம், பேசவில்லை, கோபமாக இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

நாலு மணிக்கு நாச்சியப்பன் வந்தார். காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தார். காது வைத்தும் கேட்டார்.

"இது ஓடலையே, தம்பி?"

"ஓடினா சூடாகிடும், சார்."

நாச்சியப்பன் நெகிழ்ந்துபோனார். "இத்தனை வருஷமா எனக்கு இதை ஒருத்தரும் சொல்லலையே!" என்று அதே மாதிரி பன்னிரண்டு விசிறிக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு அல்போன்ஸ் திரும்பினார். காகிதத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ரப்பர் பேண்டை அவிழ்த்து, ஒயரைச் செருகி, கம்ப்யூட்டரை ஓடவிட்டார். விசிறி சுழன்றது. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"உங்க அதிர்ஷ்டம்டா! உண்மையிலேயே இதுதான் நல்ல விசிறி," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மாசிலாமணிக்கு முகம் செத்துப்போயிற்று. ஒரு நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோமே! போனை எடுத்தான்.

"சார், மன்னிக்கணும். உங்களுக்குக் காட்டின விசிறி சுத்துது, சார்."

"நல்லவேளை சொன்னீங்க, தம்பி. சுத்தாததா பன்னெண்டு பாத்து அனுப்புங்க."

மாசிலாமணி சரக்கு அறைக்குப் போய், புது விசிறிகளை ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தான். ஒன்றுகூடச் சுற்றவில்லை.

"பாத்தியா அன்பையா," என்றான், கண் கலங்க. "முதலாளி எவ்வளவு தரமான சரக்கா எடுத்து வெச்சிருக்காரு!"