பட்டுச் சால்வையில் பூனைக்காலி

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை அதிரூபசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனிதன்தான். ஆனால் காலையில் நினைத்ததை மத்தியானம் நினைக்க மாட்டான். அவனுடைய மந்திரி பொன்னம்பலவர் கெட்டிக்காரர். அதே அவையில் கம்பீரநாதர் என்று ஒரு பிரபுவும் இருந்தார். பிறர் இலையில் அப்பளம் விழுந்தால் அவருக்கு வயிறு எரியும். தன் இலையில் இரண்டு அப்பளம் இருந்தாலும் எரியும்.

ஒரு நாள் நந்தவனத்தில் ராணியின் கையில் தேனீ கொட்டிவிட்டது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பொன்னம்பலவர், "கொடுக்கை அழுத்திப் பிடுங்க வேண்டாம், நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பைத் தடவுங்கள்" என்றார். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது. ராஜாவுக்கு ஒரே குஷி. "நாளைக்கு அவையில் மந்திரிக்குப் பட்டுச் சால்வை" என்று அறிவித்துவிட்டான்.

கம்பீரநாதருக்கு அன்று சோறு இறங்கவில்லை. "சுண்ணாம்புக்குச் சால்வையா? நானும்தான் தினம் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிறேன். எனக்கு யார் என்ன தந்தார்கள்?" என்று மனைவியிடம் பொருமினார்.

கெடுவான் கேடு நினைப்பான். மறுநாள் அவர் முதல் ஆளாக அவைக்குப் போனார். தட்டில் இருந்த சால்வையின் மடிப்புக்குள், மேலே பட்டாலே அரிப்பெடுக்கும் பூனைக்காலிக் காயின் சுணையை உதிர்த்துவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார்.

ராஜா வந்தான், சால்வையை எடுத்தான், மந்திரியைக் கூப்பிட்டான். அதற்குள் மனசு மாறிவிட்டது. "முதலில் நமக்கு எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று தன் வெறும் தோளில் போர்த்திக்கொண்டான். அவ்வளவுதான். சிம்மாசனத்தில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துத் துள்ளினான். சால்வையை உதறிப் பார்த்தால் ஒரு பூச்சியும் இல்லை.

கம்பீரநாதர் எழுந்தார். "மகாராஜா, நேற்றுத் தேனீக்கு மருந்து சொல்லிச் சால்வை வாங்கியவர், இன்று அரிப்புக்கு மருந்து சொல்லிக் கிராமம் வாங்கப் பார்க்கிறார். இது மந்திரியின் வேலைதான்."

"அப்படியா சங்கதி?" என்று ராஜா உறுமினான்.

மந்திரி ராஜாவின் தோளை உற்றுப் பார்த்தார். மினுமினுவென்று மெல்லிய சுணை தெரிந்தது. பசுஞ்சாணம் வரவழைத்து, ராஜாவின் முதுகு முழுக்க மெழுகிவிட்டார்.

"சாணம் காய்வதற்குள் நீர் குற்றவாளியைக் காட்டும். இல்லையென்றால் உம் தலை போகும்" என்றான் ராஜா.

"குற்றவாளி முசுறு எறும்பாக இருக்கும், மகாராஜா. கடித்துவிட்டு ஓடியிருக்கும். சால்வைமேல் குற்றமில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம். கம்பீரநாதருக்குக் கொடுங்கள், கூடவே ஒரு கிராமமும் கொடுங்கள். இப்போதே போர்த்திக்கொள்ளட்டும்."

கம்பீரநாதரின் முகம் வெளுத்தது. "ஐயோ, எனக்கு எதற்கு? மந்திரியாரே வைத்துக்கொள்ளட்டும். அவரைப் போலத் தகுதியானவர் யார் இருக்கிறார்?"

அந்த வாயிலிருந்து அடுத்தவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை. "அப்படியானால் எனக்கு" என்று இரண்டு பேர் பாய்ந்து கையை நீட்டினார்கள்.

"தொடாதீர்கள்" என்று மந்திரி தடுத்தார். "மகாராஜா, அதில் இருப்பது பூனைக்காலிச் சுணை. இந்த இருவருக்கும் அது தெரியாது, அதனால் ஓடிவந்தார்கள். ஊராருக்குப் பழஞ்செருப்பைக்கூட விட்டுக்கொடுக்காத கம்பீரநாதர் ஒரு கிராமத்தையே விட்டுக்கொடுக்கிறார். ஏன் என்று அவரையே கேளுங்கள்."

கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிரபு தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். அதற்குள் சாணமும் காய்ந்தது. அதை உரித்தபோது சுணையும் கூடவே வந்தது, ராஜாவுக்கு அரிப்பு நின்றது.

கிராமம் மந்திரிக்குப் போயிற்று. சால்வையைக் கம்பீரநாதரின் வெறும் மேனியில் போர்த்தி, ராஜவீதியைச் சுற்றிவரச் சொன்னான் ராஜா. அவர் ஆடிய ஆட்டத்தை ஊரே பார்த்துச் சிரித்தது.

சுற்றி முடித்து அரண்மனை வாசலில் வந்து விழுந்தவரைப் பார்க்க மந்திரிக்கே மனம் பொறுக்கவில்லை. தாமே சாணத்தை எடுத்து அவர் முதுகில் பூசத் தொடங்கினார். கம்பீரநாதர் சொறிவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ராஜாவுக்கும் இந்த மாட்டுச் சாணம்தானா? இல்லை, அவருக்கு மட்டும் நல்ல மாட்டுச் சாணமா?"