ஆளில்லாத பண்ணை

இங்கிலாந்தில் ரயில் வராத காலம். லெட்டிஸ் என்ற ஓவியக்காரி, பெண்பிள்ளைகளுக்கு இயற்கைக் காட்சி வரையக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்தாள். கட்டடம் பிரம்லி பிரபுவுடையது. அவர் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். ஒருநாள் கூப்பிட்டார்.

"என் பண்ணையை வரைந்து கொடு. விருந்துக்கு வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். ஆனால் உழுகிறவன், ஆடு மேய்க்கிறவன், சமையற்காரி என்று ஒருத்தரும் படத்தில் இருக்கக் கூடாது. அழகு கெட்டுவிடும். சொன்னபடி வரையாவிட்டால் பள்ளியைக் காலி செய்!"

"அப்படியே ஆகட்டும், பிரபுவே."

விருந்தன்று பிரபு தொப்பையைத் தடவிக்கொண்டே படத்தின் திரையை விலக்கினார். வயலெல்லாம் முள்செடி. வேலி சாய்ந்து கிடந்தது. சமையலறைப் புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியிருந்தது. மாளிகை ஜன்னல் வழியாக ஆடுகள் எட்டிப்பார்த்தன.

விருந்தாளிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"என்ன அநியாயம் இது?" என்று கத்தினார் பிரபு.

"சொன்னபடிதானே வரைந்தேன்? ஆட்களை எடுத்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்."

லண்டன் முழுக்க இதே பேச்சாகிவிடுமே என்று பதறிப்போனார் பிரபு. "உடனே அவர்களைத் திரும்ப வரை!"

"கண்ணால் பார்த்துத்தானே வரைய முடியும்? அவர்கள் வந்து நிற்க வேண்டும். நீங்களே போய்க் கூப்பிடுங்கள்."

மறுநாள் பிரபு பட்டுக் காலுறையோடு சேற்றில் இறங்கி, "கொஞ்சம் வந்து நில்லப்பா" என்று உழவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். லெட்டிஸ் தன் வகுப்பையே வரப்பில் உட்காரவைத்திருந்தாள்.

"பிள்ளைகளா, முதலில் பிரபுவை வரையுங்கள். உழவர் எப்போதும் இங்கேதான் இருப்பார்."